பெயருடையாரும் பொறுப்புடையாரும்: பிரான்சைஸ் முறையில் வேலைகொள்வோர் கடப்பாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கடையின் முகப்பிலே எழுதப்பட்டுள்ள பெயர் ஒருவருக்கு உரியது. கடையின் உள்ளே நிற்கும் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பவர் வேறொருவர். பெயருக்குரியவர் சுவரின் நிறம், அடுப்பின் அளவு, விற்கப்படும் பொருளின் நிறை, தொழிலாளி அணியும் உடை, வாடிக்கையாளரை வரவேற்கும் சொல் ஆகிய அனைத்தையும் எழுத்தில் வகுத்துக் கொடுக்கிறார். சம்பளம் கொடுப்பவர் அவற்றை வழுவாது நிறைவேற்றுவதாக ஒப்பந்தஞ் செய்து, வருவாயின் ஒரு பங்கைப் பெயருக்குரியவருக்குச் செலுத்துகிறார். பிரான்சைஸ் என வழங்கும் வாணிப உரிம முறையின் சாரம் இதுவேயாகும். இம்முறையிலே சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டால், மேலதிக நேர வேலைக்கு ஊதியம் மறுக்கப்பட்டால், சங்கஞ் சேர்ந்தோர் நீக்கப்பட்டால், தொழிலாளி யாரை நோக்கி உரிமை கேட்பது? பெயருக்குரியவர், ‘அவர் என் தொழிலாளி அல்லர்’ என்பார். சம்பளம் கொடுப்பவர், ‘பெயருக்குரியவர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதிலிருந்து இவ்வளவே கொடுக்க இயலும்’ என்பார். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருப்பதே இப்பிரச்சினையின் சிக்கலாகும்.

இக்கட்டுரையில் உரிமத்தை அளிக்கும் நிறுவனத்தை உரிமம் வழங்குநர் என்றும், அதனைப் பெற்றுக் கடை நடத்துபவரை உரிமம் பெறுநர் என்றும் குறிப்பிடுவோம். நமது அரச அலுவலகப் படிவங்களிலே பயிலும் ‘தொழில்தருநர்’ என்னுஞ் சொல்லை வேண்டுமென்றே தவிர்த்துள்ளோம். உழைப்பை விலைக்குக் கொள்பவரைக் கொடையாளியாகக் காட்டுஞ் சொல் அது. இதே இயல்புடைய செர்மானியச் சொல்லொன்றை ‘மூலதனம்’ நூலிலே புகுத்த மறுத்து, 1883ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பின் முன்னுரையில் எங்கெல்ஸ் எள்ளி நகையாடியிருப்பதை வாசகர் அறிவர். ‘வேலைகொள்வோர்’ என்ற வழக்கே பொருளுக்கு நெருங்கியது.

2

முதலுக்கும் உழைப்புக்கும் இடையே ஓர் இடையாளை நிறுத்திப் பொறுப்பினின்றும் விலகி நிற்றல் இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பன்று. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்திலே, துண்டுக்கணக்குக் கூலி பற்றிய இயலில், உழைப்பை ஒருவரிடமிருந்து மற்றொருவர் குத்தகைக்கு எடுத்துக் கீழே விடும் முறையினை மார்க்ஸ் ஆராய்கிறார். முதலாளி கொடுக்கும் விலைக்கும் தொழிலாளியின் கையை அடையும் கூலிக்கும் இடையிலுள்ள வேறுபாடே இடையாளின் இலாபம் என்பது அங்கு அவர் காட்டும் உண்மை. இலண்டனின் தையற்றொழிலிலும் அது போன்ற தொழில்களிலும் நிலவிய இம்முறையினை 1888 முதல் 1890 வரை பிரபுக்கள் சபையின் குழுவொன்று விசாரித்தது. 1909ஆம் ஆண்டின் தொழிற்சபைச் சட்டம், அத்தகைய சில தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை வழங்கியது.

நமது பெருந்தோட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்விடத்துக் கங்காணியின் நினைவு எழாதிராது. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டியவன், முன்பணம் கொடுத்தவன், வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்றவன் கங்காணியே. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதிக் கொடுத்த ‘துண்டு’ வழியாகத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்படுத்தியது. மலையக நாட்டார் பாடல்களை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அவற்றிலே வசைக்கு இலக்காவோர் பெரும்பாலும் கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை ஆகியோரே. இலண்டனிலே பங்குதாரர் கூட்டம் நடத்திய கொம்பனி அப்பாடல்களின் கண்ணுக்குத் தென்படுவதில்லை. இடையாளை நிறுத்தும் முறையின் அரசியற் பயன் இதனினும் தெளிவாக வேறெங்கும் பதிவாகவில்லை எனலாம்.

எனினும் கங்காணியையும் உரிமம் பெறுநரையும் ஒன்றெனக் கொள்ளுதல் வரலாற்றுத் தவறாகும். கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் கொடுத்தது. உரிமம் பெறுநரோ தாம் முன்பணங் கட்டியே உள்ளே நுழைகிறார். வங்கிக் கடனையும் குடும்பச் சேமிப்பையும் கடையிலே புதைக்கிறார். கடன் பாயும் திசை தலைகீழாகியுள்ளது. ஆயினும் அதனாற் கட்டுண்டவர் கீழுள்ளோரை இறுக்கும் நிலை மாறவில்லை.

3

பிரான்சைஸ் முறையின் தாயகம் ஐக்கிய அமெரிக்கா. 1899இல் கொக்கா-கோலா நிறுவனம் போத்தலில் அடைத்து விற்கும் உரிமையை இரு வழக்கறிஞர்களுக்கு ஒரேயொரு டொலர் பெயரளவு விலைக்குக் கொடுத்தது. போத்தற்றொழிலுக்கு வேண்டிய இயந்திரம், குதிரை வண்டி, தொழிலாளர் என்பவற்றுக்கான செலவு பிறர் தலையிலும், பாகு விற்கும் இலாபம் நிறுவனத்திடமும் அமைந்தன. மோட்டார் வண்டி விற்பனையும் இவ்வழியே முகவர் கையிற் சென்றது. இவை வழங்கலின் வரலாற்றுக்கு உரியன. நமது பொருளுக்கு 1935ஆம் ஆண்டே முக்கியமானது.

அவ்வாண்டு அயோவா மாநிலம் சங்கிலிக் கடைகள் மீது ஏறுவரிசை வரியொன்றை விதித்தது. ஒரே உரிமையாளரிடம் எத்துணைக் கடைகள் உள்ளனவோ அத்துணைக்கு வரி உயரும். எண்ணெய் நிறுவனங்கள், இந்தியானா ஸ்டாண்டர்ட் ஒயில் உட்பட, தமது எரிபொருள் நிலையங்களை அவற்றிலே சம்பளத்துக்கு வேலை செய்தோருக்கே குத்தகைக்கு விட்டன. நேற்று வரை நிறுவன ஊழியராக இருந்தவர் இன்று ‘சுதந்திர வணிகர்’ ஆனார். அவர் நின்ற நிலையம் மாறவில்லை. விற்ற எரிபொருள் மாறவில்லை. தலைக்கு மேலிருந்த பெயர்ப்பலகையும் மாறவில்லை. ‘அயோவாத் திட்டம்’ எனப் பெயர் பெற்ற இவ்வேற்பாடு ஏனைய மாநிலங்களுக்கும் பரவியது. வரியே உடனடிக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே 1935ஆம் ஆண்டின் யூலையில் தொழிற்சங்க உரிமையை உறுதிப்படுத்திய வாக்னர் சட்டமும், ஓகத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறின என்பதை இணைத்து நோக்குதல் வேண்டும். வேலைகொள்வோர் என்னும் நிலை விலைமிக்கதாக மாறிய அதே வேளையில், அந்நிலையைப் பிறர் மீது சுமத்தும் வடிவமும் கைக்கெட்டியது. தொழிலாளர் போராடிப் பெற்ற சட்டங்கள் ஒவ்வொன்றும் ‘வேலைகொள்வோர்’ என்ற சொல்லின் மீதே கட்டப்பட்டமையால், அச்சொல்லிலிருந்து நழுவுதலே முதலின் தந்திரமாயிற்று.

நீதிமன்றங்கள் இத்தந்திரத்துக்கு எப்போதும் இணங்கின எனக் கூற முடியாது. 1944இல் ஹேர்ஸ்ட் பத்திரிகை நிறுவன வழக்கிலே, தெருவிற் செய்தித்தாள் விற்றோரும் வாக்னர் சட்டத்தின் பொருளில் ஊழியரே என்ற தொழிலுறவுச் சபையின் முடிவை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏற்றது. பொருளாதார உண்மையை நோக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் போக்கு. மூன்றாண்டுகள் கழிந்து 1947இல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் ‘சுயாதீன ஒப்பந்தகாரரை’ ஊழியர் என்னும் வரைவிலக்கணத்தினின்றும் வெளிப்படையாக நீக்கியது.

இவ்விரண்டுக்கும் இடையே, 1946இல், வணிகக்குறிகள் பற்றிய லன்ஹம் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் இதனை எளிதிற் கடந்துவிடுகின்றனர். தன் வணிகக்குறியைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் நிறுவனம், அக்குறியின் கீழ் விற்கப்படுவனவற்றின் இயல்பையும் தரத்தையும் கட்டுப்படுத்துதல் வேண்டும் என்பது அதன் விதி. கட்டுப்பாட்டைக் கைவிடின் குறி மீதான உரிமையே பறிபோகலாம். ஆக, பெயர் என்னும் சொத்தைக் காப்பதற்குக் கட்டுப்பாடு இன்றியமையாதது. தொழிற் சட்டத்திலோ ஒருவர் வேலைகொள்வோரா என்பதை அறியும் உரைகல்லும் கட்டுப்பாடே. சொத்தின் சட்டம் ‘கட்டுப்படுத்து’ என்கிறது; உழைப்பின் சட்டம் ‘கட்டுப்படுத்தினாற் பொறுப்பேற்க வேண்டும்’ என்கிறது. ஒரே செயலை ஒரு மன்றத்தில் நிலைநாட்டியும் மற்றொரு மன்றத்தில் மறுத்தும் வாழ வேண்டிய நிலையில் உரிமம் வழங்குநர் நிற்கிறார். பின்வந்த எழுபது ஆண்டு வழக்குகளின் அடியிற் கிடப்பது இம்முரண்பாடே.

1955இல் இலினோய் மாநிலத்திலே றே குறொக் தொடங்கிய மக்டொனால்ட்ஸ் கிளையிலிருந்து இம்முறை உணவகத் தொழிலில் நிலைபெற்றது. தொடக்கத்தில் உரிமம் பெறுநர் 950 டொலர் கட்டணமும் விற்பனையில் 1.9 வீதமும் செலுத்தினார், அதில் 0.5 வீதம் மக்டொனால்ட் சகோதரருக்குச் சென்றது. இச்சிறு பங்கால் பெருநிறுவனம் எழுந்திருக்க முடியாது. 1956 முதல் கடை அமையும் நிலத்தைத் தாமே குத்தகைக்கு எடுத்து, உயர்ந்த வாடகைக்கு உரிமம் பெறுநருக்கு மறுகுத்தகை விடும் வழியை குறொக்கின் நிறுவனம் கைக்கொண்டது. அப்பம் விற்று இலாபம் பெறுபவர் உரிமம் பெறுநர். அவர் விற்றாலும் விற்காவிட்டாலும் நிலவாடகை பெறுபவர் உரிமம் வழங்குநர். நவீனத்தின் உச்சமென விதந்துரைக்கப்படும் இத்தொழிலின் முதுகெலும்பு நிலவாரம் என்பது கவனிக்கத்தக்கது.

4

கூட்டு வேலைகொள்வோர் என்னும் கருத்து அமெரிக்கச் சட்டத்திலே ஊஞ்சல் போல ஆடி வந்துள்ளது. 1964இல் கிறேஹவுண்ட் பேருந்து நிலையத் துப்புரவாளர் வழக்கு அக்கருத்துக்கு இடமளித்தது. 1984 முதல் தொழிலுறவுச் சபை, நேரடியானதும் உடனடியானதுமான கட்டுப்பாடு இருந்தாலன்றிக் கூட்டுப் பொறுப்பு இல்லை என ஒடுக்கியது. 2015 ஓகத்து பிறவுனிங்-ஃபெரிஸ் முடிவு, மறைமுகமான கட்டுப்பாடும் ஒப்பந்தத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட அதிகாரமும் போதும் என்றது. 2020ஆம் ஆண்டின் விதி மீண்டும் நேரடிக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பியது; 2023இல் வகுக்கப்பட்ட விரிந்த விதியை 2024 மார்ச்சில் ரெக்சாஸ் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் செல்லாதாக்கியது. வெள்ளை மாளிகையில் ஆள் மாறுந்தோறும் வேலைகொள்வோரும் மாறுவர் போலும்!

2012 நவம்பரில் நியூயோர்க் துரித உணவகத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தங்கள் நாடெங்கும் பரவியபோது, பலர் தண்டிக்கப்பட்டனர். 2014இல் தொழிலுறவுச் சபையின் தலைமைச் சட்டத்தரணி, மக்டொனால்ட்ஸ் நிறுவனத்தையும் கூட்டு வேலைகொள்வோராகக் கொண்டு முறைப்பாடுகளைப் பதிவுசெய்ய அனுமதித்தார். விற்பனைக்கும் உழைப்புச் செலவுக்கும் உள்ள விகிதத்தைக் கணத்துக்குக் கணம் காட்டும் கணினி மென்பொருளைத் தலைமை நிறுவனம் வழங்கியிருக்க, ஆளைக் குறைக்குமாறு வாயாற் சொல்ல வேண்டிய தேவை அதற்கில்லை என்பது தொழிலாளர் தரப்பின் வாதம். ஐந்தாண்டு இழுபட்ட அவ்வழக்கு 2019 டிசம்பரில், தலைமை நிறுவனத்தின் பொறுப்புப் பற்றி எதுவுங் கூறாமலே, ஏறத்தாழ 1,70,000 டொலர் இணக்கத்துடன் முடிந்தது. கலிபோர்னிய உயர் நீதிமன்றமும் 2014இல், டொமினோஸ் பீட்சாக் கடையொன்றிலே மேற்பார்வையாளரின் பாலியற் தொல்லைக்கு ஆளான இளந் தொழிலாளியின் வழக்கில், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் உரிமம் வழங்குநரை விடுவித்தது. அன்றாட ஆளெடுப்பையும் ஒழுக்காற்றையும் அது தன் கையில் வைத்திருக்கவில்லை என்பதே காரணம்.

இதற்கு மாறான ஒரு சான்றை அமெரிக்கப் பொருளியலாளர் குறூகரும் ஆஷென்ஃபெல்டரும் 2017இல் வெளியிட்டனர். பெரிய பிரான்சைஸ் நிறுவனங்களுள் 58 வீதமானவற்றின் ஒப்பந்தங்கள், ஒரு கிளையின் தொழிலாளியை மற்றொரு கிளை வேலைக்கெடுப்பதைத் தடைசெய்திருந்தன. கூலி உயர்வுக்காகக் கடை மாறவிடாது தடுக்கும்போது கிளைகள் யாவும் ஒரே வீடு. கூலி கொடுக்காத குற்றத்துக்குப் பதில் சொல்லும்போது ஒவ்வொன்றும் தனித்தனி வீடு. இத்தகைய வாசகத்தை எழுதியவர் தொழிலாளரைக் கட்டுப்படுத்தவில்லை என வாதிடுவது நகைப்புக்குரியது. மக்டொனால்ட்ஸ் 2017இல் அவ்வாசகத்தைக் கைவிட்டது. ஏனைய பல நிறுவனங்கள் 2018க்குப் பின், வாஷிங்டன் மாநிலச் சட்டமா அதிபரின் நடவடிக்கையால் கைவிட்டன.

5

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் மிகத் தெளிவான அத்தியாயமாகும். 2015 ஓகத்தின் இறுதியில், அந்நாட்டுத் தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் கூட்டாக நடத்திய புலனாய்வு, செவன்-இலெவன் கடைகளில் நிகழ்ந்த சம்பளத் திருட்டினை வெளிக்கொணர்ந்தது. பாதிக்கப்பட்டோரிற் பலர் தெற்காசியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கல்வி கற்கச் சென்ற மாணவர். அவர்களது விசா அக்காலத்தில் இரு வாரத்துக்கு 40 மணி நேர வேலையையே அனுமதித்தது. ஒருவர் 40 மணி நேரம் உழைத்தால் 20 மணி நேரமே ஏட்டில் ஏறும். சட்டப்படியான வீதம் ஏட்டில் உண்டு, கையில் அதன் பாதியே. வேறு சில கடைகளிலே முழுச் சம்பளமும் வங்கிக் கணக்குக்குச் சென்றது. பின்னர் அதன் ஒரு பகுதியைத் தொழிலாளி காசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதிர்த்துப் பேசினால், அனுமதித்த நேரத்துக்கு மேல் வேலை செய்ததாகக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிப்போம் என்ற மிரட்டல் காத்திருந்தது. உழைப்பைச் சுரண்டியவரே அச்சுரண்டலின் சான்றைத் தொழிலாளிக்கு எதிரான ஆயுதமாகவும் வைத்திருந்தார்.

தலைமை நிறுவனத்தின் நிலையை இங்கு நுணுகி நோக்குதல் வேண்டும். கடையின் மொத்த இலாபத்தில் 57 வீதத்தை அது எடுத்துக்கொண்டது. எஞ்சிய 43 வீதத்திலிருந்தே உரிமம் பெறுநர் கூலி கொடுக்க வேண்டும். அதாவது, கூலிச் செலவு எவ்வளவு உயர்ந்தாலும் தலைமைப் பங்கு குறையாது. இன்னும் முக்கியமாக, கடைகளின் சம்பளப் பட்டியலைத் தயாரித்ததே தலைமை அலுவலகந்தான். எத்துணை மணி நேரம் ஏறியது, எத்துணைச் சம்பளம் சென்றது என்பது அதன் ஏட்டிலேயே இருந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு கடையை இத்துணை குறைந்த மணி நேரக் கூலியில் நடத்த இயலுமா என்பது கூட்டல் கழித்தல் அறிந்தவர் விடையிறுக்கக்கூடிய கேள்வி. தனித்தனிக் கடைகள் மீது இதற்கு முன்னரும் தொழில் அதிகாரிகள் நடவடிக்கை எடுத்திருந்தனர்.

அம்பலத்துக்குப் பின் பேராசிரியர் அலன் ஃபெல்ஸ் தலைமையிலான சுயாதீனக் குழு முறைப்பாடுகளை விசாரித்தது. 2016 மே மாதத்தில் நிறுவனம் அக்குழுவை நிறுத்தி விசாரணையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. காலப்போக்கில் 16 கோடி அவுஸ்திரேலிய டொலருக்கும் மேற்பட்ட தொகை தொழிலாளருக்குத் திருப்பிச் செலுத்தப்பட்டது. 2017இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தொழிற் சட்டத்தைத் திருத்தியது. உரிமம் பெறுநரின் அலுவல்களிலே குறிப்பிடத்தக்க செல்வாக்கோ கட்டுப்பாடோ உடைய உரிமம் வழங்குநர், சட்டமீறலை அறிந்திருந்தாலும், அறிந்திருக்க வேண்டும் என நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நிலையில் இருந்தாலும், பொறுப்பாவார். தடுப்பதற்கு நியாயமான நடவடிக்கை எடுத்தமையைக் காட்டின் தப்பலாம். ‘அவர் என் தொழிலாளி அல்லர்’ என்ற பழைய விடை அத்துடன் செல்லாதாயிற்று. உரிமம் வழங்குநரை வேலைகொள்வோர் எனப் பெயரிடாமலே பொறுப்பைச் சுமத்தியது அச்சட்டம். அமெரிக்கர் வரைவிலக்கணத்தோடு மல்லாடிக் கொண்டிருக்க, அவுஸ்திரேலியர் அறிவையும் இலாபத்தையும் பின்தொடர்ந்தனர். எனினும் இச்சட்டம் வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 2024இலேயே, சிட்னிக் கடைகள் தொடர்பாக 85 டிகிரீஸ் கோப்பி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் உரிமம் வழங்குநர் ஒருவர் மீது இவ்வகைத் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டத்தின் கூர்மைக்கும் அதன் பயன்பாட்டுக்கும் இடையிலுள்ள தூரம் இதனாற் புலனாகும்.

6

உரிமம் பெறுநரின் வர்க்க நிலை யாது? அவரைக் கொடுமையாளராக மட்டுங் காண்பது மலையகப் பாடல் கங்காணியைக் கண்டதற்கு ஒப்பாகும். செவன்-இலெவன் உரிமம் பெறுநரே பின்னர் தலைமை நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் எதிராகக் கூட்டு வழக்குத் தொடுத்து, 2021இல் 9 கோடியே 80 இலட்சம் டொலர் இணக்கம் பெற்றனர். யப்பானில் இவ்வினா வேறு வடிவிலே எழுந்தது. அங்கு விற்காது வீசப்படும் உணவின் இழப்பைக் கடைக்காரரே தாங்க வேண்டியிருந்தது. காலாவதிக்கு முன் விலை குறைத்து விற்கவும் தலைமை நிறுவனம் தடையாக இருந்தமையால், 2009இல் யப்பானிய நியாய வர்த்தக ஆணைக்குழு செவன்-இலெவனுக்கு எதிராகக் கட்டளையிட்டது. 2014இல் ஒக்கயாமா மாகாணத் தொழிலுறவு ஆணைக்குழு, இக்கடைக்காரரும் தொழிற்சங்கச் சட்டத்தின் பொருளில் தொழிலாளரே எனவும், நிறுவனம் அவர்தம் சங்கத்துடன் பேச வேண்டும் எனவும் தீர்த்தது. 2019இல் மத்திய ஆணைக்குழு அதனை மாற்றியது. 2022இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றமும் கடைக்காரருக்கு எதிராகவே முடிவு கூறியது.

தம் முதலைப் போட்டு, தம் குடும்பத்தின் உறக்கத்தையும் உழைப்பையும் சேர்த்துப் போட்டு, பிறர் நேர அட்டவணைப்படி இயங்கும் இவரைச் சிறு முதலாளி என்பதா, முன்பணங் கட்டி வேலை வாங்கிய தொழிலாளி என்பதா? எமது கருத்தில் அவர் இரண்டுமாவார். தலைமையை நோக்கும்போது ஒன்று, தன் கடைக்குள் திரும்பும்போது மற்றொன்று. எல்லா உரிமம் பெறுநரும் ஒரு நிலையினர் அல்லர் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். நூறு கடைகளை வைத்திருக்கும் கொம்பனியும் சட்டத்தின் முன் உரிமம் பெறுநரே. வெயில் என்னும் அமெரிக்க அறிஞர் ஜி என்பாருடன் இணைந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, துரித உணவுத் தொழிலிலே தலைமை நிறுவனம் நேரே நடத்தும் கடைகளிலும் பார்க்க உரிமம் பெறுநரின் கடைகளிலேயே கூலிச் சட்ட மீறல் மிகுதி எனக் காட்டியது. உரிமம் பெறுநர் பேராசை கொண்டோர் என்பது அதன் விளக்கமாகாது. தலைமை நிறுவனம் பெயரின் மதிப்பைக் காக்க வேண்டியிருக்கிறது; மேலே வீதப்பங்கும் வாடகையும் கட்டும் உரிமம் பெறுநர் குறைக்கக்கூடிய ஒரேயொரு செலவு கூலியாகவே எஞ்சுகிறது.

இலங்கையிலும் இவ்வுறவின் ஒரு பக்கத்தை அண்மையிற் கண்டோம். 2024 மார்ச்சில் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் தரக்குறைவைக் காரணங்காட்டி உள்ளூர் உரிமம் பெறுநருடனான ஒப்பந்தத்தை முறித்தபோது நாட்டிலிருந்த 12 உணவகங்களும் மூடப்பட்டன. கட்டுப்படுத்தும் அதிகாரம் வெறும் காகிதத்தில் உறங்குவதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவுக்கு மீளுவோம். 2022இல் கலிபோர்னியாவிலே துரித உணவகத் தொழிலாளர் பற்றிய சட்டமூலம் முதலில் வரையப்பட்டபோது, உரிமம் வழங்குநரையும் கூட்டாகப் பொறுப்பாக்கும் பிரிவு அதிலிருந்தது. சட்டசபைப் பேரத்தில் அது நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கிய சட்டத்தையும் ஏற்காத நிறுவனங்கள் பொதுவாக்கெடுப்புக்குக் கையொப்பந் திரட்டின. 2023இல் கூட்டுப் பொறுப்பு இன்னொரு சட்டமூலத்தின் வழியாக மீண்டும் முன்வைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் இரு தரப்பும் உடன்பட்டன: நிறுவனங்கள் வாக்கெடுப்பைக் கைவிடும்; நாடெங்கும் 60க்குக் குறையாத கடைகளையுடைய சங்கிலிகளின் தொழிலாளர்க்கு 2024 ஏப்பிரல் 1 முதல் மணிக்கு 20 டொலர் கிடைக்கும்; கூலியை நிர்ணயிக்க ஒரு சபை அமையும்; கூட்டுப் பொறுப்புப் பிரிவு கைவிடப்படும். நிறுவனங்கள் எதனைக் கொடுக்க இணங்கின, எதனைக் கொடுக்க மறுத்தன என்பது இவ்வுடன்படிக்கையில் எழுதப்பட்டுள்ளது. இருபது டொலரைத் தொழிலாளர் பெற்றனர். அதனைக் கொடுக்கும் கடப்பாடு முன்போலவே உரிமம் பெறுநரிடம் நின்றுவிட்டது. விற்பனையின் வீதப்பங்கும் நிலத்தின் வாடகையும் குறையாமல் மேலே சென்றுகொண்டிருக்கின்றன.